மார்கழியில் எழுந்தருளிய நீச்சல் குளம்

யோசிக்காமல் ஒரு காரியத்தைச் செய்து கெட்டுப்போனவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பிற்பாடு யாராவது கேட்டால், "யோசிக்காம செஞ்சுட்டேங்க" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். எனக்கு அந்த வசதி இல்லை. நான் ஐந்து மாதம் யோசித்தேன். மூன்று தரப்பிடமும் விசாரித்தேன். கிடைத்த தகவல் ஒவ்வொன்றையும் இரண்டாவது ஆளிடம் சரிபார்த்தேன். அதற்கெல்லாம் பிறகுதான், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் முசரவாக்கத்தில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் புதைத்து வைத்திருந்த நீச்சல் குளம், ஒரு மார்கழிக் காலையில் மண்ணை விட்டு எழுந்து வந்து குளியலறை ஜன்னலை எட்டிப் பார்த்தது.

(குளம் எட்டிப் பார்க்காது என்பது எனக்கும் தெரியும். ஒரு நாளிதழின் மாவட்டச் செய்திப் பிரிவில் உட்கார்ந்து மற்றவர்களின் மிகைகளை வெட்டிப் பிழைப்பவன் நான். ஆனால் அன்று கண்டதை வேறு எப்படி எழுதினாலும் அது குறையாகவே இருக்கிறது.)

நீச்சல் குளம் என்றதும் என்னைப் பட்டுக்கடை முதலாளி என்று நினைத்துவிட வேண்டாம். காரணம் என் மனைவி வசந்தியின் முதுகு. அவள் கணக்கு டீச்சர். பல வருடமாகக் கரும்பலகை முன்னால் நின்றதில் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் ஒரு தட்டு நகர்ந்துவிட்டது. சென்னை டாக்டர் படத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தினமும் அரை மணி நேரம் மார்பளவு தண்ணீரில் நடங்கம்மா. நீச்சல்கூட வேண்டாம், நடந்தால் போதும். தை மாசக் கடைசியில் வாங்க. குறையலைன்னா ஆபரேஷன்தான்."

வசந்திக்கு ஆபரேஷன் என்றால் பயம். அவளுடைய பள்ளியில் ஒரு டீச்சர் அதே ஆபரேஷனுக்குப் போய், திரும்பி வந்து, இன்றுவரை நாற்காலியில் ஒரு பக்கமாகத்தான் உட்காருகிறார்.

நாங்கள் இருப்பது தடுக்கி விழுந்தால் கோயில் குளத்தில் விழக்கூடிய ஊர். ஆனால் எதிலும் ஒரு டீச்சரம்மா இறங்கி அரை மணி நேரம் நடக்க முடியாது. ஒன்றுக்குக் கம்பி வேலி. இன்னொன்றில் தண்ணீருக்குப் பதில் கிரிக்கெட். மற்றொன்றில் இறங்கினால் நாம் நடப்பதை விடத் தாமரைக்கொடி நம்மை நடத்திக்கொண்டு போகும். நெடுஞ்சாலையில் ஒரு ஓட்டலில் நீச்சல் குளம் இருந்தது. வசந்தி சுடிதாரோடு ஒருநாள் போனாள். நீச்சல் உடை இல்லாமல் இறங்கக்கூடாது என்று அங்கே சொன்னார்கள். திரும்பி வந்து பையைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, "நம்ம தோட்டத்துல ஒரு குழி வெட்டித் தண்ணி விட்டா போதுங்க" என்றாள்.

ஒரு நல்ல கணவன் மறுநாள் குழி வெட்டியிருப்பான். நான் புலனாய்வு தொடங்கினேன்.

தரைக்குள் அமைக்கும் நீச்சல் குளம் மூன்று வகை. கம்பி கட்டி, சிமென்ட் போட்டு, ஓடு பதித்து நாமே கட்டுவது ஒன்று. குழியின் மேல் தடிமனான பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து ஓரங்களை இறுக்கிவிடுவது இரண்டாவது. மூன்றாவது ஃபைபர். தொழிற்சாலையில் ஒரே வார்ப்பாகச் செய்து, பிரம்மாண்டமான குளியல் தொட்டி மாதிரி லாரியில் ஏற்றி வந்து குழிக்குள் இறக்கிவிடுவார்கள்.

சிமென்ட் தரப்பின் தலைவர் என் மச்சான் தணிகாசலம். வசந்தியின் அண்ணன். ஐயம்பேட்டையில் கட்டட கான்ட்ராக்டர். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அதில் அவருக்கு ஒரு நண்பர் இருப்பார். விஷயத்தைக் கேள்விப்பட்டதும் புல்லட்டில் வந்து இறங்கினார்.

"எந்தங்கச்சிக்கு நான் கட்டித் தரேன் மாப்ள. நாளைக்கே கம்பி வந்துக்கினு இருக்குது. நம்ம கட்டுனா உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும்."

நிற்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முடியுமா என்பதில்தான் சந்தேகம். மச்சான் கட்டியதெல்லாம் உறுதியானது. ஆனால் எதுவும் முடிந்தது கிடையாது. அவர் சொந்த வீட்டுச் சுற்றுச்சுவரே பூச்சுப் பார்க்காமல் செங்கல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. மாடிப்படியில் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் இன்னும் கயிறுதான்.

"எத்தனை மாசம் ஆகும் மச்சான்?"

"மாசமா? இன்னா மாப்ள, உங்க பேப்பர்ல கேக்குற மாதிரியே கேக்குற. ஆவுறப்ப ஆவும்."

அடுத்து ஷீட் தரப்பு. இதை நான் கைபேசியில் படித்து மிகவும் மதித்தேன். சீக்கிரம் முடியும், வழுவழுவென்று இருக்கும். சரிபார்க்கும் பொருட்டு, பக்கத்து நிலத்துக்காரர் முனுசாமியிடம் கேட்டேன். அவர் தன் நிலத்தில் பண்ணைக்குட்டை வெட்டி ஷீட் போட்டவர்.

"ஷீட்டா? போட்டேன் சார். மொத வருசம் நண்டு. ரெண்டாம் வருசம் எலி. மூணாம் வருசம் நானே எடுத்து வைக்கப்போருக்கு மூடிட்டேன். எலி இன்னும் அங்கதான் இருக்குது."

எங்கள் வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் நெல் வயல். ஷீட் தரப்பு அத்துடன் வாபஸ்.

ஃபைபர் தரப்பின் பிரதிநிதி ராஜேஷ். சென்னையிலிருந்து கழுத்தில் அடையாள அட்டையோடு வந்தார். தோட்டத்தில் நடந்து பார்த்து, டேப் பிடித்து அளந்து, மோர் குடித்தார்.

"ரெடிமேட் சார். வண்டில வரும், குழில உக்காரும், தண்ணி விட்டா மேடம் அன்னிக்கே எறங்கலாம். ஒரே கண்டிஷன்தான் சார். எம்ட்டியா மட்டும் வெக்காதீங்க. மழைக்காலத்துல சுத்தமா வெக்காதீங்க. எப்பவும் ஃபுல்லா இருக்கணும்."

இதை நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். ஏன் என்று மட்டும் கேட்கவில்லை. யார், எங்கே, எப்போது என்று எதை எதையோ கேட்டவன், கேட்க வேண்டிய ஒரு கேள்வியை விட்டுவிட்டேன். வெறும் குளம் தூசி பிடிக்கும், வெயிலில் நிறம் மங்கும் என்று நானே ஒரு விடையை வைத்துக்கொண்டேன்.

ஆனியில் தொடங்கிய விசாரணை ஐப்பசியில்தான் முடிந்தது. இடையில் வசந்தி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தாள். தோசை ஊற்றும்போது கேட்பாள். விடைத்தாள் திருத்தும்போது கேட்பாள். "நான் எப்பங்க தண்ணியில கால் வைப்பேன்?"

"இன்னும் ஒரு தரப்பு பாக்கி இருக்கு" என்பேன்.

"முதுகு தரப்பு ஒண்ணு இருக்கே, அதைக் கேட்டீங்களா?"

கடைசியில் ஃபைபர் என்று தீர்ப்பு வழங்கினேன். மச்சானுக்குச் செய்தி போனது. அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அதற்குள் கார்த்திகை பிறந்து, அவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். மாலை போட்டவர் கோபப்படக்கூடாது. எல்லாரையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும்.

"சரிங்க சாமி. என் சிமென்ட் வேணாம்னிட்டீங்க, பரவாயில்ல சாமி. ஆனா தண்ணி உடுற விசேசத்தை மட்டும் பொறந்த ஊட்டுக்கு உட்டுடுங்க. அது என்னிது."

இதில் என்ன நஷ்டம் என்று ஒத்துக்கொண்டேன். மச்சான் அன்றைக்கே மலையளவு வேலையில் இறங்கிவிட்டார். கிணறோ குளமோ முதல் தண்ணீர் நல்ல நாளில் விட வேண்டும் என்று ஐயரைக் கேட்டு, கார்த்திகையில் ஒரு வளர்பிறை முகூர்த்தம் குறித்தார். ஒன்றியத்து ஆட்களுக்குச் சொல்லிவிட்டார். ஃப்ளெக்ஸ் அடித்தார். 'நீச்சல் குளத் திறப்பு விழா' என்று தலைப்பு. அதன் கீழே கைகூப்பியபடி ஆளுயரத்தில் மச்சான். ஒரு மூலையில் தபால்தலை அளவில் நானும் வசந்தியும்.

குழி வெட்ட பொக்லைன் வந்தது. பாதி ஆழத்துக்குக் கீழே மண் கருத்து, கையில் பிடித்தால் ஒட்டியது. நான் குனிந்து பார்த்து, "மண்ணு நல்லா மெத்துனு இருக்கு" என்று திருப்தி தெரிவித்தேன். இந்த வாக்கியம் பிற்பாடு எனக்கு எதிரான சாட்சியமாகப் பயன்பட்டது.

குளம் கார்த்திகையில் வரவில்லை. கிளம்பியது, வந்து சேரவில்லை. நீல நிறத்தில், இருபது அடி நீளத்தில், கவிழ்த்து வைத்த படகு மாதிரி டிரெய்லரில் ஏறி வந்தது, எங்கள் ஊர்ச் சாலை முனையில் திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. ஒரு பக்கம் புளியமரம், மறுபக்கம் மின்கம்பம். மின்வாரியத்தில் எழுதிக்கொடுத்து, வயர் தூக்க ஆள் வந்து, மரக்கிளை வெட்ட அனுமதி வாங்கி முடிப்பதற்குள், குளம் டீக்கடை வாசலிலேயே குடியிருந்தது. ஷேர் ஆட்டோக்காரர்கள் அதை ஒரு நிறுத்தமாகவே வைத்துக்கொண்டார்கள். ("குளத்தாண்ட எறங்குறவங்கல்லாம் எறங்குங்கபா.") முகூர்த்தம் வந்து, போய்விட்டது. கடைசியில் இரண்டு பேர் மூங்கில் கழியால் வயரைத் தூக்கிப் பிடிக்க, சாமி புறப்பாடு மாதிரி குளம் எங்கள் தெருவுக்குள் அசைந்து அசைந்து வந்த நாள் மார்கழி முதல் தேதி.

மச்சான் ஊரில் இல்லை. ராஜேஷும் ஆட்களும் கிரேனில் தூக்கி, குழிக்குள் இறக்கி, மட்டம் பார்த்து, சுற்றிலும் மணல் போட்டு, மணல் ஏற ஏற உள்ளேயும் தண்ணீர் விட்டு நிரப்பினார்கள். மறுநாள் மத்தியானம் குளம் விளிம்புவரை தளும்பியது. ராஜேஷ் கைகுலுக்கினார்.

"எம்ட்டி பண்ணாதீங்க சார்."

"சேச்சே" என்றேன்.

வசந்திக்குப் பள்ளிக்குப் போன் செய்தேன். அவள் அதிகம் பேசவில்லை. "நாலு மணிக்கு வந்துடறேன்" என்றாள். பின்னாலிருந்து பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது. வைப்பதற்கு முன், "வெதுவெதுன்னு இருக்குமா?" என்று கேட்டாள்.

நாலு மணிக்கு முன்னால் மச்சான் வந்துவிட்டார். கருப்பு வேட்டி, துளசி மாலை, நெற்றி நிறைய சந்தனம். குளத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சாமி. இன்னா சாமி இது."

"தண்ணி விட்டாச்சு மச்சான்."

"மார்கழியிலயா சாமி? எவனாச்சும் மார்கழில புது ஊட்ல பால் காய்ச்சுவானா? கல்யாணம் பேசுவானா? உடம்பு சரியில்லாத பொண்ணு எறங்குற தண்ணி சாமி. அத்தப் போயி மார்கழில உட்டு வச்சிருக்கீங்களே சாமி."

ஒவ்வொரு சாமிக்கும் ஒரு கெட்ட வார்த்தையின் எடை இருந்தது. எனக்கு இந்த நாள் நட்சத்திரத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் தொழில் காரணமாக எனக்கு இன்னொரு மோசமான நம்பிக்கை உண்டு: இரண்டு தரப்புக்கும் சமமாக இடம் கொடுத்தால் நியாயம் கிடைத்துவிடும் என்பது. ராஜேஷ் தரப்பு, குளம் உட்கார வேண்டும் என்றது; உட்கார்ந்துவிட்டது. மச்சான் தரப்பு, முதல் தண்ணீர் தை மாதத்தில் விட வேண்டும் என்கிறது, விட்டுவிட்டால் போயிற்று. இப்போது இருப்பதைச் சோதனைத் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம் என்றேன்.

மச்சானின் முகம் மலர்ந்தது. "அப்ப இத்த எறைச்சிடலாம் சாமி. நம்ம மோட்டார் வண்டிலதான் இருக்குது."

அவர் மோட்டார் அபாரமான மோட்டார். நீச்சல் குளத்தை முனுசாமியின் வயலுக்கு மாற்றி எழுதுவதற்கு அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. கடைசியில் தேங்கியதை மச்சானே உள்ளே இறங்கித் துடைப்பத்தால் தள்ளி, துணியால் துடைத்து விட்டார். குளம் புது எவர்சில்வர் தட்டு மாதிரி பளபளத்தது.

வசந்தி ஆட்டோவிலிருந்து இறங்கி, செருப்பைக்கூடக் கழற்றாமல், ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி நேராகத் தோட்டத்துக்கு வந்தாள். இன்னொரு கையில் ஒரு துணிப்பை. அதில் புதிதாக வாங்கிய துண்டு.

குளத்தின் அடியைப் பார்த்தாள். "தண்ணி எங்க?"

நான் விளக்கினேன். தை, முகூர்த்தம், இரு தரப்பு, சோதனைத் தண்ணீர்.

"எனக்கு மார்கழியிலயும் வலிக்குதுங்க" என்றாள்.

மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள், "நீ சாப்பிட்டியாண்ணா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அந்தக் கேள்விக்குப் பிறகு எங்கள் இருவராலும் அங்கே நிற்க முடியவில்லை. மச்சான் மோட்டாரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். நான் அலுவலகத்துக்குப் போனேன்.

அந்த வாரம் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். முதல் பக்கச் செய்தியை நான்தான் பார்த்து அனுப்பினேன். 'தாழ்வான பகுதிகளில் வசிப்போர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்' என்ற வரியை மேலே தூக்கி, தடித்த எழுத்தில் போடச் சொன்னேன். தாழ்வான பகுதிகளில் வசிக்கும் அந்த மக்களை நினைத்து உண்மையிலேயே கவலைப்பட்டேன்.

மூன்று நாள் மழை. ஏரி நிரம்பியது. வயலுக்கும் வரப்புக்கும் வித்தியாசம் இல்லாமல் போனது. நான்காம் நாள் காலை, மழை விட்டு, வெளுப்பாக வெயில் வந்திருந்தது. வசந்தி பல் தேய்க்கப் போனவள் திரும்பி வந்து கட்டில் பக்கத்தில் நின்றாள். பதற்றமே இல்லை. வகுப்பில் வருகை எடுக்கும் குரல்.

"ஏங்க. குளம் வந்திருக்குது."

"எங்க?"

"ஜன்னலாண்ட."

போய்ப் பார்த்தேன். குளியலறை ஜன்னலுக்கு வெளியே, முந்தின நாள்வரை செம்பருத்திச் செடி தெரிந்த இடத்தில், நீலமாக ஒரு சுவர். பின்கதவைத் திறந்தேன். குளம் முழுசாகத் தரைக்கு மேல் இடுப்பளவு உயர்ந்து, ஒரு பக்கம் சாய்ந்து, தோட்டத்துச் சேற்றுத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. உள்ளே இறங்குவதற்காக வார்த்த படிகள் ஒரு கோணத்தில் வானத்தைப் பார்த்திருந்தன. அதன் ஒரு மூலையில் முனுசாமியின் கோழி ஒன்று ஏறி நின்று இறக்கை உலர்த்தியது. காற்று அடித்தபோது குளம் மெதுவாக நகர்ந்து, வீட்டுச் சுவரில் ஒரு தட்டு தட்டிவிட்டு, மீண்டும் விலகியது.

தண்ணீரை உள்ளே வைத்திருக்க வேண்டிய பொருள், தண்ணீரின் மேல் உட்கார்ந்திருந்தது. ராஜேஷிடம் நான் கேட்காமல் விட்ட 'ஏன்' என்ற கேள்விக்கான விடை, இருபது அடி நீளத்தில்.

முனுசாமிதான் முதலில் வந்தார். முழங்கால் தண்ணீரில் நின்று நிதானமாகப் பார்த்தார். "பெருமாளுக்கு அப்புறம் தெப்பம் உட்டது நீங்கதான் சார்" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. அதனால்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பத்து மணிக்குள் தெரு கூடியது. சின்ன காஞ்சிபுரத்திலிருந்து மழை விட்டதும் விடாததுமாகச் சிலர் பைக்கில் வந்தார்கள். ஒரு அம்மா எட்ட நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். எதற்கு என்று விசாரிக்கவில்லை. ஊர் வாட்ஸாப் குழுவில் படம் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் போன். எங்கள் பத்திரிகையின் காஞ்சிபுரம் செய்தியாளர் சிவா. நான் வளர்த்துவிட்டவன். சரிபார்க்காமல் ஒரு வரியும் எழுதாதே என்று அவனுக்குத் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

"அண்ணே, முசரவாக்கத்துல ஒரு ஊட்ல நீச்சல் குளம் மெதக்குதாம்ணே. உங்க ஏரியாதான. கேள்விப்பட்டீங்களா?"

"அப்படியா" என்றேன்.

"அடிச்சு வச்சிட்டேன்ணே, படிக்கறேன், சரியான்னு பாருங்க. 'கனமழையில், நாற்பது அடி நீள நீச்சல் குளம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது...'"

மனிதனுக்கு மானம் பெரியதுதான். ஆனால் பழக்கம் அதைவிடப் பெரியது.

"அடித்துச் செல்லப்படவில்லை சிவா. இருந்த இடத்திலேயே மேலெழும்பியது. நீளம் இருபது அடி."

"எப்படிண்ணே இவ்ளோ கரெக்டா..." தட்டச்சு செய்யும் சத்தம் நின்றது. "அண்ணே. உங்க ஊடா?"

மறுநாள் மூன்றாம் பக்கத்தில், படத்தோடு, ஒற்றைப் பத்தியில் வந்தது. தலைப்பு என் பக்கத்து மேஜைக்காரர் கைவண்ணம்: 'காலியாக வைத்ததே காரணம், வீட்டு உரிமையாளர் தகவல்.' பிழையில்லாத செய்தி. அளவு சரி. பெயர் சரி. இனிஷியலும் சரி.

மச்சான் அன்று மாலை வந்தார். சேற்றில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சாமி. நீங்க தறிக்கார ஊட்ல பொறந்தவருதான?"

"ஆமா."

"கார்த்திக பொறந்தா தறிக்குழில தண்ணி ஊறும்னு தெரியுமா தெரியாதா சாமி?"

தெரியும். காலை உள்ளே விட்டு உட்கார்ந்து நெய்யும் அந்த இடுப்பளவுக் குழியில், அடைமழைக்கு அடியிலிருந்து தண்ணீர் ஊறி வரும். சொம்பால் மொண்டு ஊற்றுவார்கள். ஊற்று நிற்கும்வரை தறி ஓடாது. அந்தச் சொம்பைப் பிடித்தவனே நான்தான். இடுப்பளவு ஆழத்துக்கே கீழிருந்து தண்ணீர் வரும் ஊரில் ஆளுயரக் குழி வெட்டி, மண் மெத்தென்று இருக்கிறது என்று பாராட்டியவனும் நான்தான்.

"நீங்க மட்டும் ஐயம்பேட்டைல தறியைப் பாக்காம வளந்தீங்களா மச்சான்? மோட்டார் யாருது?"

மச்சான் குளத்தைப் பார்த்தார். "நல்ல மோட்டாரு சாமி" என்றார் மெதுவாக.

மச்சான் இருக்கும்போதே ராஜேஷும் வந்தார். அவர் ஒன்றும் திட்டவில்லை. "சொன்னனே சார்" என்று மட்டும் மூன்று தடவை, மூன்று ராகத்தில் சொன்னார். குளத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அது எழும்பியபோது பக்கத்து மணலும் சேறும் அடியில் சரிந்து நிரம்பிவிட்டன. தண்ணீர் வடிந்ததும் அது அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டது. மறுபடி இறக்க வேண்டுமென்றால் கிரேன் கொண்டுவந்து தூக்கி, குழியைச் சுத்தம் செய்ய வேண்டும். சேற்றில் கிரேன் இறங்காது. "பங்குனி ஆயிடும் சார்."

நான் உடனே, பங்குனிவரை காத்திருப்பதா, வேறு கம்பெனியைக் கேட்பதா, இல்லை ஒரு நிபுணரைக்—

"வேணாம்" என்றாள் வசந்தி.

பின்வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நாங்கள் மூவரும் திரும்பினோம்.

"தம்பி, இது இருக்கிற எடத்துலயே மட்டம் பார்த்து நிறுத்த முடியுமா?"

"ஜாக்கி போட்டு, ஜல்லி அடிச்சு நிறுத்திடலாம் மேடம். ஆனா வெளிய நிக்கிற பகுதிக்கு சப்போர்ட் கெடையாதே. தண்ணி விட்டா பக்கவாட்டுல பிதுங்கிடும். சுத்தி சுவர் மாதிரி எதுனா இருந்தாதான்..."

வசந்தி அண்ணனைப் பார்த்தாள்.

மச்சானை எனக்குப் பல வருடமாகத் தெரியும். அவர் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. "சிமென்டா?" என்றார்.

"எத்தனை நாள்ணா ஆவும்?"

ஆவுறப்ப ஆவும் என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. தங்கை கதவைப் பிடித்திருந்த விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வலி வரும் பக்கத்துக் காலைத் தரையில் ஊன்றாமல், நாரை மாதிரி நின்றிருந்தாள். "மலைக்குப் போறதுக்குள்ள முடிச்சிடறேன்" என்றார்.

முடித்தார். அவர் வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஒன்றை முடித்தார். கம்பி கட்டினார். குளத்தைச் சுற்றி இடுப்பளவு சுவர் எழுப்பினார். இடைவெளியில் கிராவல் கொட்டி இடித்தார். வெளியே பூச்சுப் பூசினார். ஏறுவதற்கு நாலு படி வைத்தார். அதற்குக் கைப்பிடியும் வைத்தார், கயிறு அல்ல, குழாய். தரைக்குள் இறங்கும் குளத்துக்கு ஏறிப் போகும் படி.

சுவர் ஈரம் ஓரளவு இழுத்த அன்று, இன்னும் மார்கழி முடியவில்லை. மச்சான் மலைக்குக் கிளம்பத் தயாராக இருமுடியோடு விடைபெற வந்திருந்தார். வசந்தி படியேறிப் போய், எங்கள் யாரையும் கேட்காமல், வால்வைத் திறந்தாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மச்சான் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு இருவரும் மிகுந்த அக்கறையோடு முனுசாமியின் வயலைப் பார்த்தோம்.

"நெல்லு நல்லா தெளிஞ்சிருக்குது சாமி" என்றார் அவர்.

"ஆமா மச்சான். நாம பாய்ச்சின தண்ணி" என்றேன்.

தை மாதத்தில் விழாவும் நடந்தது. ஒன்றியத்து ஆட்கள் வந்தார்கள். மாலை கழற்றிய மச்சான், ஏற்கெனவே தளும்பிக்கொண்டிருந்த குளத்தில், முகூர்த்த நேரம் பார்த்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தத் தண்ணீரில் வசந்தி மூன்று வாரமாக நடந்துகொண்டிருந்தாள் என்பதை யாரும் வெளியே சொல்லவில்லை.

தை கடைசியில் டாக்டர் அவளை நடக்கச் சொல்லிப் பார்த்தார், குனியச் சொல்லிப் பார்த்தார். "ஆபரேஷன் பேச்சை விடுங்க. நடக்கிறதை மட்டும் விடாதீங்க" என்றார். பிறகு ஆர்வமாக, "என்ன வகைக் குளம் போட்டீங்க?" என்று கேட்டார். வசந்தி என்னைப் பார்த்தாள். "அஞ்சு மாசம் ஆராய்ச்சி பண்ணவர் இவர்தான் டாக்டர், இவரைக் கேளுங்க" என்றாள்.

மூன்று வகையும்தான் என்று சொன்னேன். அது உண்மை. உள்ளே ஃபைபர். வெளியே சிமென்ட். இலை, தூசி விழாமல் மேலே மூடுவதற்கு ஒரு ஷீட்: மச்சானின் அந்த ஃப்ளெக்ஸ். நல்ல தடிமன், எலிகூடத் தொடுவதில்லை. தினமும் காலையில் வசந்தி படியேறி, கைகூப்பி நிற்கும் தன் அண்ணனைக் காலிலிருந்து தலைவரை சுருட்டி வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறாள். தபால்தலை அளவில் இருந்த என்னை எப்போதோ வெயில் அழித்துவிட்டது.

ஷேர் ஆட்டோவில் இப்போது எங்கள் தெருவுக்குத் 'தெப்பம் ஸ்டாப்' என்று பெயர். நான் இறங்கும்போது பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் காலை மடக்கி மரியாதையாக வழி விடுகிறார்கள். அலுவலகத்தில் எந்தச் செய்தியில் நீளம் அகலம் வந்தாலும், "அண்ணன்கிட்ட கேளு, அவர் வீட்ல அளந்திருப்பாரு" என்கிறார்கள்.

மழைக்காலத்தில்தான் கொஞ்சம் சிரமம். இரண்டு தூறல் விழுந்தால் போதும், ஐயம்பேட்டையிலிருந்து போன் வந்துவிடும். நான் எடுக்கமாட்டேன். வசந்தி எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, நான் கேட்கும்படி மேஜைமேல் வைப்பாள்.

"மாப்ள, குளம் ஊட்லதான் இருக்குதா?"